உப்புக்காற்று ஊரில் பாவித்த சிறிய கமரா வாங்குதல்

அலுமாரி லாச்சிக்குள் பத்துப் பதினைந்து வருடங்கள் கிடந்த சிறிய டிஜிட்டல் கமராக்கள் மறுபடியும் விலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. விளம்பரத்தில் ‘சிசிடி’ (படத்தைப் பதியும் சென்சரின் பழைய வகை) என்று ஒரு சொல் போட்டாலே கேட்கும் விலை ஏறிவிடுகிறது. திருகோணமலையில் படம் எடுப்பவர்களில் பலர் கலியாண வீட்டுக்கு லென்ஸ் மாற்றும் பெரிய டிஎஸ்எல்ஆர், மற்ற நேரத்துக்குப் போன் என்று இருப்பவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே பழைய சிறிய கமரா ஒன்றுக்கு இடம் இருக்கிறதா என்றால், நிச்சயமாக இருக்கிறது. ஆனால் மொடல் பெயரைத் தேடத் தொடங்குமுன் ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பெயர்பெற்ற கமராவைவிட நன்றாக வைத்திருந்த கமராவுக்கே பெறுமதி அதிகம். ஒரு பக்கம் டச்பே, மறுபக்கம் உட்துறைமுகம். ஐப்பசியிலிருந்து தை வரை மழை ஈரம், பிறகு வருவது கச்சான் காற்று தூக்கிவரும் வெக்கையும் புழுதியும். இப்படிப்பட்ட இடத்தில் பத்து வருடம் இருந்த கமராவின் வெளித்தோற்றம் எதையும் சொல்லாது. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

முதலில் அது என்ன வேலைக்கு என்று தீர்மானியுங்கள். நிலாவெளி, உப்புவெளிக் கரையில் டிஎஸ்எல்ஆர் லென்ஸை மாற்றுவது சென்சருக்குள் மணலை அழைப்பது போன்றது. சிறிய கமராவில் லென்ஸ் கழறுவதே இல்லை. தேர், தீர்த்தம் என்று சனம் நெருக்கும் இடத்தில் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஒரு படம் எடுத்து, திரும்ப வைத்துவிடலாம். மூதூர்ப் பக்கம் படகில் போகும்போது விழுந்தாலும் மனம் உடையாத விலையில் ஒன்று கையில் இருப்பது பெரிய நிம்மதி. பிள்ளைகளிடம் துணிந்து கொடுக்கவும் முடியும். இரவுப் படத்துக்காக மட்டும் இதை வாங்காதீர்கள். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 400ஐத் தாண்டினால் பெரும்பாலான பழைய சிறிய கமராக்களில் புள்ளிகள் கொட்டத் தொடங்கும். இன்றைய நடுத்தர விலைப் போன் பல படங்களை ஒன்றாகச் சேர்த்து எடுக்கும் இரவுக் காட்சிக்கு இவை கிட்டவும் வராது.

இவை போனையும் டிஎஸ்எல்ஆரையும் வெல்லும் ஓர் இடம் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் என்பது சென்சருக்கு முன் ஓடும் திரை. ஃபிளாஷுடன் 1/200 அல்லது 1/250 விநாடிக்கு மேல் போனால் திரையின் நிழல் படத்தில் விழும். வேகமாகப் போவதென்றால் அதற்கென்று வசதியுள்ள வெளி ஃபிளாஷ் வேண்டும். சிறிய கமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் மெல்லிய தகடு. ஆகையால் 1/500 போன்ற வேகத்திலும் ஃபிளாஷ் முழுப்படத்துக்கும் சேரும். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் ஒருவரை நிறுத்திப் படம் எடுங்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும், பின்னால் கோபுரத்து வண்ணங்கள் வெளிறிப்போகும். ஃபிளாஷை ‘ஓட்டோ’வில் விடாமல் கட்டாயம் அடிக்கும் நிலைக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓவை 80 அல்லது 100இல் வைத்து, ஒன்றரை மீற்றர் தூரத்தில் நின்று எடுங்கள். முகத்து நிழல் தெளியும், கோபுரமும் வானமும் தம் நிறத்திலேயே இருக்கும். முகம் பளபளத்தால் ஃபிளாஷ் அளவை மூன்றில் இரண்டு படி குறையுங்கள் (ஒரு படி குறைத்தால் ஒளி பாதியாகும்). இரண்டு மீற்றருக்கு அப்பால் இந்தச் சின்ன ஃபிளாஷுக்கு நடுப்பகல் வெயிலோடு மல்லுக்கட்டும் பலம் இல்லை.

சென்சரும் சிசிடி கதையும்

சிசிடி என்றால் ஃபிலிம் போன்ற நிறம் வரும் என்று சொல்லித்தான் இன்று விலை ஏற்றுகிறார்கள். சென்சரின் வகை நிறத்தைத் தீர்மானிப்பதில்லை. சென்சருக்கு மேலுள்ள நிற வடிகட்டியும், அந்தக் காலத்தில் கம்பனிகள் ஜேபெக் படத்தைப் பதப்படுத்திய முறையும்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. தோல் நிறத்தைச் சற்றுச் சூடாகவும் வானத்தை அடர்த்தியாகவும் காட்டுவது அன்றைய ரசனை. அந்த நிறம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அந்த எழுத்துகளுக்காக இரட்டை விலை கொடுக்காதீர்கள்.

விலை கொடுக்க வேண்டிய விடயம் சென்சரின் அளவு. மலிவான சிறிய கமராக்களில் இருப்பது 1/2.5 அல்லது 1/2.3 அங்குல வகை. பின்னதன் உண்மையான அளவு ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். 1/1.7 அங்குல வகை 7.6க்கு 5.7 மில்லிமீற்றர், அதாவது பரப்பில் ஒன்றரை மடங்கு. 1 அங்குல வகை 13.2க்கு 8.8 மில்லிமீற்றர். அது 1/2.3 வகையைப் போல நான்கு மடங்கு. மெகாபிக்சல் எண்ணை மறந்துவிடலாம். கனன் கம்பனி 2008இல் ஜி10 கமராவில் 14.7 மெகாபிக்சல் கொடுத்தது. அடுத்த வருடமே ஜி11இல் 10 மெகாபிக்சலுக்கு இறங்கியது. சின்னச் சென்சரில் அதிக பிக்சல் நெருக்கினால் இருட்டில் படம் கெடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 10 மெகாபிக்சல் படம் 3648க்கு 2736 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 12க்கு 9 அங்குலம் வரும். வீட்டுச் சுவரில் மாட்டும் 8க்கு 10 சட்டத்துக்கு மிச்சமும் இருக்கும்.

தேட வேண்டிய மொடல்கள் அதிகம் இல்லை. கனன் எஸ்90 (2009), எஸ்95 (2010) இரண்டும் 1/1.7 அங்குல சிசிடி, அகலக் கோணத்தில் எஃப் 2 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் துளை பெரிது), 28 முதல் 105 மில்லிமீற்றர் வரை ஜூம், ரோ கோப்பு (பதப்படுத்தாத மூலப் படம்) எல்லாம் உள்ளவை. சட்டைப்பைக்குள் அடங்கும் கமராக்களில் முதல் இடம் எஸ்95க்கு. எஸ்90இன் பின்பக்க வளையம் தடையில்லாமல் சுழலும். பையிலிருந்து எடுக்கும்போதே அமைப்பு மாறிவிடும். எஸ்95இல் அந்த வளையத்துக்குப் பல்லுத் தடை வைத்துத் திருத்திவிட்டார்கள். அடுத்து வந்த எஸ்100இல் (2011) சில தொகுதிகளுக்கு லென்ஸ் பழுது இருந்ததைக் கனன் நிறுவனமே அறிவித்தது. அந்த மொடலை இன்று தூரத்திலிருந்து வாங்கச் சொல்ல மனம் வராது. பனசொனிக் லூமிக்ஸ் எல்எக்ஸ்3 (2008) 24 மில்லிமீற்றர் அகலத்தில் தொடங்குவதால் பிரட்றிக் கோட்டை வாசல் போன்ற இடங்களுக்கு அருமை. ஆனால் ஜூம் 60இலேயே முடிந்துவிடும், லென்ஸ் மூடி தனியாகக் கழற்றி மாட்டுவது. எல்எக்ஸ்7 (2012) எஃப் 1.4 லென்ஸ் கொண்டது. ஜி11, ஜி12 இரண்டும் கனமானவை, பைக்குள் போகாது. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரமும் திருப்பி மடிக்கும் திரையும் உண்டு. கடற்கரை வெயிலில் திரை தெரியாதபோது அந்தத் துவாரம் கைகொடுக்கும். திரையை உள்முகமாக மடித்து வைத்தால் கீறலும் விழாது. சோனி ஆர்எக்ஸ்100 (2012) 1 அங்குலச் சென்சர் உள்ளது, படத்தரத்தில் மற்றவற்றைவிட மேல். விலையும் அப்படியே.

மிகக் குறைந்த காசுக்கு என்றால் கனன் ஏ590 ஐஎஸ் (2008) போன்ற ஏ வரிசை. இரண்டு சாதாரண பேனாப் பற்றரியில் ஓடும். ஷட்டர் வேகத்தையும் துளை அளவையும் கையால் மாற்றலாம். சிஎச்டிகே என்ற இலவச மென்பொருளை மெமரி காட்டில் போட்டால் ரோ கோப்பும் கிடைக்கும். அது கமராவுக்குள் நிரந்தரமாக எதையும் மாற்றாது. காட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும். படம் எடுக்கப் பழகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கமரா இந்த விலையில் இல்லை.

2002 முதல் 2004 வரையான காலத்துக் கமராக்களை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துச் சோனி சிசிடிகள் சிலவற்றில் உள்ளிணைப்பு விட்டுப்போகும் குறை இருந்தது. 2005இல் சோனி மட்டுமல்ல, கனன், நிக்கொன், ஃபுஜி, ஒலிம்பஸ் என்று அந்தச் சென்சரை வாங்கிப் பொருத்திய பல கம்பனிகள் இலவசமாகத் திருத்தித் தருவதாக அறிவித்தன. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் இந்தக் குறை கூடுதலாக வரும் என்றும் சொன்னார்கள். படம் ஊதாவாகக் கோடுகோடாக வருவது அல்லது முழுக் கறுப்பாக வருவது இதன் அறிகுறி. அந்த இலவசத் திருத்தம் எப்போதோ முடிந்துவிட்டது. நம்முடைய காலநிலை அந்தக் குறையை வளர்க்கும் காலநிலை.

கையில் வாங்கிச் சோதிக்கும் விதம்

விற்பவர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் காசு அனுப்புமுன் இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, பற்றரி போட்டு ஓன் பண்ணி, லென்ஸ் வெளியே வந்து திரும்ப உள்ளே போகும்வரை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கோ. சத்தம் கேட்கவேணும். வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து அதையும் அனுப்புங்கோ, வட்ஸ்அப்பில் டொகியுமெண்டாக.” சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், தூசுப் புள்ளி தெரியாது. “பற்றரி இல்லை, அதனால் சோதித்துப் பார்க்கவில்லை” என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். அது பழுதான கமரா என்றே கணக்கெடுங்கள்.

ஊருக்குள் நேரில் வாங்குவதென்றால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு, வெளிச்சமுள்ள இடத்தில் சந்தியுங்கள். கையில் 2 ஜிபி எஸ்டி காட் ஒன்று, 8 ஜிபி எஸ்டிஎச்சி (எஸ்டியின் பிந்திய வகை) காட் ஒன்று, போனில் செருகும் காட் ரீடர், சின்ன ரோச், மடித்த பத்திரிகை ஒன்று இருக்கட்டும். பேனாப் பற்றரிக் கமரா என்றால் சார்ஜ் செய்த பற்றரியும் கொண்டுபோங்கள்.

கமராவை ஓன் பண்ணுமுன் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். முக்காலி பூட்டும் துளையின் புரிகளில் செந்துரு இருந்தால் உப்புக் காற்றில் திறந்து கிடந்த கமரா. பற்றரிக் கதவைத் திறந்து உலோகத் தொடுமுனைகளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளைப் பொடியோ இருந்தால் பற்றரி கசிந்திருக்கிறது, அல்லது உப்பு நீர் உள்ளே போயிருக்கிறது. கசிவு முனையில் மட்டும் என்றால் வினாகிரி தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துவிடலாம். வயர் வழியே உள்ளே ஏறியிருந்தால் முடியாது. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை என்பதால் விலையை நன்றாகக் குறைக்கவேண்டும். பற்றரிக் கதவின் பூட்டு நாக்கைத் தொட்டுப் பாருங்கள். ஏ வரிசையில் முதலில் உடைவது அதுதான், உள்ளிருக்கும் ஸ்பிரிங் எப்போதும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். திருகாணித் தலைகளில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

இனி ஓன் பண்ணுங்கள். லென்ஸ் வெளியே வரும் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். மணல் போனதென்றால் நறநறவென்று கேட்கும், அல்லது நடுவில் ஒரு கணம் தயங்கிப் பிறகு வரும். இந்தத் தயக்கத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள். இன்று தயங்கும் லென்ஸ் சில வாரங்களில் பாதியில் நின்று, லென்ஸ் பிழை என்று திரையில் எழுதிவிட்டு அணைந்துபோகும். பழைய கனன்களில் அதையே ‘ஈ18’ என்று காட்டும். பற்சக்கரத்துக்குள் ஒரு மணல் போதும். லென்ஸை மேலே பார்க்கவைத்து ஐந்து முறை, கீழே பார்க்கவைத்து ஐந்து முறை திறந்து மூடுங்கள். தேய்ந்த பற்சக்கரம் மேல்நோக்கித் தன் எடையைத் தூக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். முழுதாக வெளியே வந்த லென்ஸை இரண்டு விரலால் மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். சிறு ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், ஒரு பக்கம் சரிந்து நிற்கக்கூடாது.

அந்தச் சரிவைப் படத்தில் பிடிக்கத்தான் பத்திரிகை. அதை விரித்து நிழலான சுவரில் ஒட்டி, கமராவை அதற்கு நேராக வைத்து, ஜூம் இல்லாமல் ஒரு படமும் முழு ஜூமில் ஒரு படமும் எடுங்கள். கை நடுக்கத்தைத் தவிர்க்கக் கமராவைக் கதிரையில் வைத்து, இரண்டு விநாடி தாமத நேரத்தில் எடுப்பது நல்லது. போனில் பெருப்பித்து நான்கு மூலைகளையும் வாசியுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலென்றால் அது லென்ஸின் இயல்பு. மூன்று தெளிவாக இருந்து ஒரு மூலை மட்டும் கரைந்திருந்தால் கமரா விழுந்திருக்கிறது. வெளியில் அடிபட்ட தடயம் இல்லாவிட்டாலும் இந்த ஒரு படம் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது லென்ஸ் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகள். கையால் அமைக்கும் நிலையில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8, 1/1000 விநாடி என்று அதே நிழல் சுவரை எடுங்கள். பிறகு எஃப் 8, 1/125 விநாடி. துளை மூன்று படி சுருங்குகிறது, நேரம் மூன்று படி கூடுகிறது. ஆகையால் இரண்டு படமும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது வெளிறிப்போனால் தகடு ஒட்டிக்கொண்டு சுருங்காமல் நிற்கிறது. ஈரத்தில் வருடக்கணக்காகப் பாவிக்காமல் கிடந்த கமராக்களில் இது வரும். கையால் அமைக்க முடியாத மலிவான மொடல்களில் இந்தச் சோதனை செய்ய முடியாது. அவற்றில் பலவற்றுக்குத் துளைத் தகடே இல்லை, வெளிச்சம் கூடினால் ஒரு கறுப்பு வடிகட்டி வந்து நடுவில் நிற்கும், அவ்வளவுதான்.

எஃப் 8இல் முழு ஜூம் வைத்து வெறும் வானத்தை எடுங்கள். சாம்பல் நிற வட்டப் பொட்டுகள் தெரிந்தால் சென்சரில் தூசு. சிறிய கமராவின் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றை இழுத்துவிடும், அதோடு தூசும் போகும். கச்சான் காலத்தில் வெளியில் அடிக்கடி ஜூம் செய்த கமராக்களில் இது சாதாரணம். லென்ஸ் கழறாததால் வெளியிலிருந்து துடைக்க வழியில்லை, கமராவைப் பிரிக்க வேண்டும். எஃப் 2.8, எஃப் 4இல் அந்தப் பொட்டு பெரும்பாலும் கரைந்துவிடும். சின்னச் சென்சரில் எஃப் 5.6ஐத் தாண்டினால் ஒளி வளைந்து படம் மென்மையாகிவிடுவதால் எஃப் 8 தேவைப்படுவதும் அரிது. ஆகையால் ஓரத்தில் ஒன்றிரண்டு பொட்டு உள்ள கமராவை விலை குறைத்து வாங்குவது புத்திசாலித்தனம்.

பூஞ்சணம் வேறு விடயம். லென்ஸ் வெளியே வந்து நிற்கும்போது ரோச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்து உள்ளே பாருங்கள். தூசு தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். பூஞ்சணம் வெள்ளை நூல்போல் கிளைவிட்டுப் பரந்திருக்கும். முன் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு நூல் தெரிந்தால் உள்ளே இன்னும் இருக்கும். சூரியனை நோக்கி எடுத்தால் படம் முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளிறும். அதோடு அது கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு மிஞ்சும். பூஞ்சணம் தெரிந்த கமராவை வாங்காதீர்கள். எந்த மொடலாக இருந்தாலும் சரி.

லென்ஸை உள்ளங்கையால் நன்றாக மூடி, ஐஎஸ்ஓ 80இல் 1 விநாடி எடுத்துப் பாருங்கள். கறுப்பில் அங்கங்கே சிவப்பு, நீலப் புள்ளிகள் ஒன்றிரண்டு இருப்பது வயதுக்கு இயல்பு. நூற்றுக்கணக்கில் இருந்தால் வேண்டாம். ஏன் 1 விநாடி என்றால், கனன் சிறிய கமராக்கள் 1.3 விநாடியும் அதற்கு மேலும் போனால் தாமே இன்னொரு இருட்டுப் படம் எடுத்துப் புள்ளிகளைக் கழித்துவிடும். குறை மறைந்துபோகும். ஒலிம்பஸில் பிக்சல்களைச் சரிபார்த்து மறைக்கும் தெரிவு பல மொடல்களின் மெனுவிலேயே இருக்கிறது.

வாங்குபவர்கள் பயந்து திருப்பிக் கொடுக்கும் ஒரு விடயம் உண்மையில் குறையே இல்லை. சிசிடி கமராவை டச்பே கரையில் காலைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் திரையில் சூரியனை ஊடறுத்து மேலிருந்து கீழாக வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு கோடு ஓடும். சென்சர் தொடர்ந்து திறந்திருக்கும்போது மின்னூட்டம் ஒரு நிரலில் கீழே நகர்த்தப்படும் வழியில் வழிந்து சேர்வதால் அந்தக் கோடு. படம் எடுத்துப் பாருங்கள், ஷட்டர் மூடிய பிறகே சென்சர் வாசிக்கப்படுவதால் கோடு இருக்காது. வீடியோவில் மட்டும் பதிவாகும். படத்திலும் கோடு நிலையாக இருந்தால்தான் அது பழுது.

எத்தனை படம் எடுத்த கமரா என்று அறிய முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். டிஎஸ்எல்ஆர் போல ஷட்டர் எண்ணிக்கையை இவற்றில் பெரும்பாலானவை படக் கோப்பில் எழுதுவதில்லை. கோப்பு இலக்கத்தை யாரும் பூச்சியத்திலிருந்து தொடங்க வைக்கலாம்.

பற்றரி, காட், சார்ஜர்

கமராவின் விலையைப் பேசும்போதே இவை மூன்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எஸ்90, எஸ்95 இரண்டும் என்பி-6எல் பற்றரி பாவிப்பவை, 3.7 வோல்ற், 1000 மில்லியம்பியர் மணி. எஸ்100க்கு என்பி-5எல். ஜி10, ஜி11, ஜி12க்கு என்பி-7எல். பழைய ஒறிஜினல் பற்றரி பத்து வருடத்தில் செத்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு புறக்கோட்டையிலும் இணையத்திலும் கிடைக்கும் மாற்றுப் பற்றரி பரவாயில்லாமல் ஓடும். ஆனால் அதே அளவுப் பெட்டிக்குள் ஒறிஜினலைப்போல் ஒன்றரை மடங்கு கொள்ளளவு என்று எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். பற்றரி நடுவில் சற்று உப்பியிருந்தால் கமராவுக்குள் செருகவே கூடாது. சூட்டில் இன்னும் உப்பி உள்ளே இறுகிவிடும், வெளியே எடுக்கப்போய்க் கமரா உடையும்.

பேனாப் பற்றரிக் கமராவுக்குக் கடையில் விற்கும் மலிவான கறுப்புப் பற்றரி போட்டால் பத்துப் பதினைந்து படத்தில் அணைந்துவிடும். கமரா பழுது என்று நினைக்க வேண்டாம். லென்ஸை நகர்த்தவும் ஃபிளாஷை நிரப்பவும் தேவையான மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. 2000 மில்லியம்பியர் மணி அளவிலான, சும்மா இருக்கும்போது சார்ஜ் இழக்காத நிக்கல் மெற்றல் வகை நான்கு வாங்கி, இரண்டிரண்டாகச் சோடி மாறாமல் பாவியுங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கமராக்கள் பல சுத்தமாக இருக்கின்றன. அங்குள்ள சந்தைக்கென்று செய்த சில மொடல்களில், சோனியில் அதிகமாக, மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது. மொழித் தெரிவைத் திறந்து பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். சார்ஜரின் பின்னால் 100-240 வோல்ற் என்று எழுதியிருந்தால் நம்முடைய 230 வோல்ற்றுக்குப் பிளக் மாற்றி மட்டும் போதும். 100 வோல்ற் மட்டும் என்றால் செருகிய உடனேயே எரிந்துவிடும்.

மெமரி காட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. 2006இல் எஸ்டிஎச்சி வருமுன் செய்த கமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேல் உள்ள காட்டைப் படிக்காது. எஸ்டிஎச்சி ஏற்கும் கமராக்களில் 32 ஜிபி வரை போகலாம். 64 ஜிபி கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டால் பழைய கமரா ‘காட் பிழை’ என்று சொல்லும். 8 ஜிபி போதும், அதைக் கமராவுக்குள்ளேயே ஃபோர்மட் செய்யுங்கள். ஒலிம்பஸ், ஃபுஜி பழைய மொடல்களின் எக்ஸ்டி காட், சோனியின் 2010க்கு முந்திய மெமரி ஸ்டிக் என்பவை இன்று கமராவைவிடத் தேடிப்பிடிக்கச் சிரமமானவை. அந்தக் காட் சேர்ந்து வராவிட்டால் அந்தக் கமரா வேண்டாம். கணினி இல்லாதவர்கள் யூஎஸ்பி-சி காட் ரீடரைப் போனில் செருகினால் போதும், ரோ கோப்பைப் போனிலேயே லைட்ரூம் செயலியில் திறக்கலாம்.

திகதி ஒவ்வொரு முறையும் அழிந்துபோகிறதென்றால் பயப்பட வேண்டாம், கடிகாரத்துக்கான சின்னப் பற்றரி செத்திருக்கிறது. ஏ வரிசையில் பலவற்றில் அது கழற்றி மாற்றும் பொத்தான் பற்றரி. எஸ்90 போன்றவற்றில் உள்ளேயே இருக்கும். நிறைந்த பற்றரியை ஒரு நாள் போட்டுவைத்தால் பெரும்பாலும் அதுவும் நிரம்பிவிடும். எப்படியானாலும் கமராவை வீட்டில் பிரிக்காதீர்கள். ஃபிளாஷுக்கான கொள்ளளவிக்குள் 300 வோல்ற் அளவு மின் இருக்கும், பற்றரியைக் கழற்றிய பிறகும் நெடுநேரம் போகாது.

புறாமலைக்குப் போகிறவர்களுக்கு

நிலாவெளியிலிருந்து படகில் புறாமலைக்குப் போய்ப் பவளப்பாறை பார்ப்பவர்கள் பழைய நீர்ப்புகாக் கமராவைத் தேடுகிறார்கள். கனன் டி10 (2009), நிக்கொன் ஏடபிள்யு100 (2011) இரண்டுமே புதிதாக இருந்தபோது 10 மீற்றர் ஆழத்துக்குச் சொல்லப்பட்டவை. அந்த எண் இன்று செல்லாது. நீரைத் தடுப்பது கதவைச் சுற்றியுள்ள ஒரு றப்பர் வளையம். பத்து வருடத்தில் அது காய்ந்து வெடிக்கும், ஒரு மணலோ ஒரு தலைமயிரோ அதில் கிடந்தாலும் நீர் போகும். பாவித்த நீர்ப்புகாக் கமராவை மழைக்கும் தெறிக்கும் அலைக்கும் உகந்தது என்று மட்டும் எண்ணுங்கள். கட்டாயம் நீருக்குள் கொண்டுபோவதென்றால், வெயிலில் காய்ந்த படகுப் பலகையில் வைத்துவிட்டுச் சட்டென்று கடலுக்குள் இறக்காதீர்கள். உள்ளே சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போது நீரை உள்ளே இழுக்கும். கரையில் ஒரு வாளி நல்ல தண்ணீரில் சற்று நேரம் வைத்து, வளையத்தைச் சுற்றிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வந்தவுடன் திறக்காமல், திரும்பவும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துடைத்துக் காய்ந்த பிறகு கதவைத் திறக்க வேண்டும்.

வாங்கிய பிறகு

கடற்கரையிலிருந்து வந்ததும் முதலில் றப்பர் ஊதியால் மணலை ஊதுங்கள். லென்ஸ் கீழே பார்க்கட்டும். மணலோடு துடைத்தால் கண்ணாடி கீறும். வாயால் ஊதினால் எச்சில் படும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் உடம்பைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். உப்பு காய்ந்த துணிக்கு வராது, அதைக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். லென்ஸ் குழலில் மணல் சிக்கித் தயங்கினால் பலமாகத் தள்ளாதீர்கள், எண்ணெய் எதுவும் விடவே விடாதீர்கள். எண்ணெய் துளைத் தகடுவரை ஊர்ந்துபோய் அதை ஒட்டிவிடும்.

குளிரூட்டிய பஸ்ஸிலோ அறையிலோ இருந்து வெளியே வரும்போது கமராவைச் சிப் பையில் மூடி, அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியின் உட்புறத்திலும் பனி படியும், அந்த ஈரமே பூஞ்சணத்துக்கு விதை.

வைக்கும் இடம் அலுமாரி அல்ல. துணியும் தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். றப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, அதற்குள் நூறு கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சணத்துக்கு வசதி. 30க்குக் கீழே போனால் றப்பரும் பிசினும் காயும். செம்மஞ்சள் மணி பச்சையாக மாறினால் தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறிக் கிளறி வறுத்து, நிறம் திரும்பியதும் ஆறவிட்டுப் பெட்டிக்குள் போடுங்கள். நீல மணி வேண்டாம், அதில் உள்ள கோபால்ற் உப்பு உடலுக்குக் கேடு. சமையல் தாச்சியைப் பாவிக்காமல் இதற்கென்று பழைய தாச்சி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் வாரத்துக்கு ஒருமுறை வறுக்க வேண்டிவரும், கச்சான் காலத்தில் மாதக்கணக்கில் தாங்கும்.

பற்றரியை நிறைத்தும் வைக்காதீர்கள், வெறுமையாகவும் வைக்காதீர்கள். பாதி அளவில் கழற்றி அதே பெட்டிக்குள் வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போட்டு, லென்ஸை ஐந்தாறு தடவை நீட்டிச் சுருக்கி, எஃப் 2.8இலும் எஃப் 8இலும் சில படங்கள் எடுத்து, ஃபிளாஷை இரண்டு மூன்று முறை அடிக்க வைத்துவிட்டுத் திரும்ப மூடினால் போதும்.